குழந்தைகளுக்கு ரெயில் விட்டவர்

மதுரைச் சீமையில் கோடை வந்தால் நுங்குக்குப் பஞ்சம் இல்லை. நுங்கைத் தின்று முடித்ததும் சிறுவர்கள் காயைத் தூக்கி எறிந்துவிடுவது இல்லை. ஒரு குச்சியின் இரண்டு முனைகளிலும் இரண்டு காய்களைச் செருகுவார்கள். கவைக் கம்பு ஒன்றை நடுவில் வைத்துத் தள்ளுவார்கள். நுங்கு வண்டி தயார்! காலணா செலவு இல்லை. தெருவெல்லாம் ஓடும்.

சித்திரைத் திருவிழாக் கடையில் அப்பா வாங்கிக் கொடுக்கும் பொம்மை இரண்டு நாளில் அலுத்துப் போகும். தானே செய்த நுங்கு வண்டியோ, காய் சுருங்கிக் கழன்று விழும் வரை அலுப்பது இல்லை. கையால் செய்த பொருள் மேல் குழந்தைக்குத் தனிப் பாசம் உண்டு.

இந்தப் பாசத்தைக் கண்டுகொண்டார், ஓர் இங்கிலாந்துக்காரர். அதையே தொழிலாக்கினார். குமாஸ்தாவாக இருந்தவர், கோடீசுவரர் ஆனார். அவர் செய்த மின்சார ரெயில் பொம்மை அவருக்குப் பெரும் பெயர் வாங்கித் தந்தது. கூடவே, பொம்மை செய்கிறவர்கள் மறக்கக் கூடாத ஒரு பாடத்தையும் கற்றுக் கொடுத்தது.

அவர் பெயர், பிராங்க் ஹார்ன்பி.

ஒரே ஆண்டில் பிறந்த இருவர்

இங்கிலாந்தில் லிவர்பூல் என்ற துறைமுக நகரம் இருக்கிறது. அங்கே 1863-ம் ஆண்டு மே மாதம் 15-ந் தேதி பிராங்க் ஹார்ன்பி பிறந்தார். தந்தை ஜான் ஹார்ன்பி, உணவுப் பொருள் வியாபாரி.

அதே 1863-ம் ஆண்டு, ஜனவரி மாதத்தில், லண்டன் நகரில் ஒரு புதுமை நடந்தது. தரைக்கு அடியில் சுரங்கம் வெட்டி, அதற்குள் ரெயில் விட்டார்கள். உலகின் முதல் சுரங்க ரெயில் அதுதான். அந்தக் கம்பெனியின் பெயர், மெட்ரோபாலிட்டன் ரெயில்வே.

சுரங்கத்துக்குள் ஓடியதோ நீராவி என்ஜின்! கரிப்புகை வெளியேற வழி இல்லாமல் பயணிகள் இருமித் தவித்தார்கள். ஆனாலும் கூட்டம் குறையவில்லை. புகைத் தொல்லை தீர நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1905-ம் ஆண்டில்தான் அந்தப் பாதையில் மின்சார ரெயில்கள் ஓடத் தொடங்கின.

ஒரே ஆண்டில் பிறந்த பிராங்கும் இந்த ரெயில்வேயும் 62 ஆண்டுகளுக்குப் பிறகு ஒன்று சேரப் போகிறார்கள் என்று அன்று யாருக்குத் தெரியும்?

மதுரைக்கு ரெயில் வந்தது 1875-ம் ஆண்டில். திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாகத் தண்டவாளம் வந்து சேர்ந்தது. வயல் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து நின்று, புகை கக்கிக்கொண்டு போகும் வண்டியைப் பார்த்த காலம் அது. அப்போது லிவர்பூலில் பிராங்குக்குப் பன்னிரண்டு வயது.

பள்ளிக்கூடம் பிடிக்காத பையன்

பிராங்க் படிப்பில் கெட்டிக்காரர் அல்ல. பள்ளிக்கூடம் போவதே அவருக்குப் பிடிக்காது. 16-வது வயதில் படிப்பை நிறுத்திவிட்டு, தந்தையின் கடையில் காசாளராக உட்கார்ந்தார்.

ஆனால் கையில் ஒரு புத்தகம் கிடைத்தது. சாமுவேல் ஸ்மைல்ஸ் என்பவர் எழுதியது. ஏழையாகப் பிறந்து, விடாமுயற்சியால் புதியன கண்டுபிடித்து உயர்ந்த பலருடைய கதைகள் அதில் இருந்தன. பிராங்க் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். தானும் ஏதாவது ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற ஆசை பிறந்தது. கைச்செலவுக் காசில் சில கருவிகள் வாங்கினார்.

அவர் செய்யப் பார்த்தது என்ன தெரியுமா? ஒருமுறை தள்ளிவிட்டால் எப்போதும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும் எந்திரம்! இயற்கையில் அப்படி ஒரு எந்திரம் இருக்க முடியாது. தீனி போடாத மாடு எத்தனை நாள் ஏர் இழுக்கும்? எந்திரமும் அப்படித்தான். பிராங்கின் முயற்சி தோற்றது. ஆனாலும் இரும்பையும் தகட்டையும் வெட்டி, வளைத்து, பொருத்தும் வேலை கைக்குப் பழகிவிட்டது.

1887-ம் ஆண்டில் கிளாரா என்ற பள்ளி ஆசிரியையை மணந்தார். ரோலண்ட், டக்ளஸ் என்று இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்தார்கள். பிறகு பட்ரீசியா என்ற பெண் குழந்தையும் பிறந்தது.

1899-ம் ஆண்டில் தந்தை இறந்தார். கடையை மூடிவிட்டார்கள். 36 வயதில் பிராங்க் வேறு வேலை தேட வேண்டி வந்தது. எலியட் என்பவர் வெளிநாட்டிலிருந்து இறைச்சி வரவழைத்து விற்கும் கம்பெனி வைத்திருந்தார். அவரிடம் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது.

பகலெல்லாம் பேரேடு. மாலையில் வீட்டுக்கு வந்தால் பிள்ளைகள். அவர்களுக்காகத் தகட்டை வெட்டிப் பாலம் செய்தார். பாரம் தூக்கும் கிரேன் செய்தார். பிள்ளைகள் குதித்து விளையாடினார்கள். ஆனால் ஒரு தொல்லை இருந்தது. பாலத்துக்கு வெட்டிய துண்டு கிரேனுக்குப் பொருந்தாது. கிரேனுக்குச் செய்த துண்டு வண்டிக்கு உதவாது. ஒவ்வொரு பொம்மைக்கும் புதிதாகத் தகடு வெட்ட வேண்டியிருந்தது.

அரை அங்குலம்

கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒருநாள் ரெயிலில் போய்க்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக ஒரு சிறு கிரேன் கண்ணில் பட்டது. அதைப் போல ஒன்றைச் செய்வது எப்படி என்று மனம் கணக்குப் போட்டது. எல்லாத் துண்டுகளும் ஒரே அகலத்தில் இருந்தால்? எல்லாத் துளைகளும் ஒரே இடைவெளியில் இருந்தால்? எந்தத் துண்டும் எந்தத் துண்டோடும் சேருமே! அந்த ரெயில் பயணத்தில்தான் யோசனை பிறந்தது என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் செப்புத் தகட்டை எடுத்தார். அரை அங்குல அகலத்தில் பட்டைகளாக வெட்டினார். அரை அங்குலத்துக்கு ஒரு துளை போட்டார். துளைகளைச் சேர்த்துப் பிடிக்கப் போல்ட்டும் நட்டும் கையாலேயே செய்தார்.

அந்தத் துளையில் இன்னொரு சூட்சுமமும் இருந்தது. போல்ட்டைப் போட்டு முடுக்கினால் இரண்டு பட்டைகள் இணையும். அதே துளையில் ஒரு கம்பியைச் செருகினால் அது அச்சாகச் சுழலும். கம்பியில் சக்கரம் மாட்டலாம். பல்சக்கரம் மாட்டலாம். ஆக, ஒரே பட்டை சுவரும் ஆயிற்று, அச்சைத் தாங்கும் கட்டையும் ஆயிற்று.

மதுரையிலிருந்து ராமேசுவரம் போகும் வழியில், 1914-ம் ஆண்டில் திறந்த பழைய பாம்பன் ரெயில் பாலத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கப்பல் வந்தால் தூக்கித் திறக்கும் அதன் நடுப்பகுதி, இரும்புச் சட்டங்களைக் குறுக்கும் நெடுக்கும் முக்கோணமாக இணைத்துச் செய்தது. முக்கோணமாகக் கட்டினால் சட்டம் வளையாது, சாயாது. உண்மையான பாலத்தைக் கட்டும் அந்த வித்தையை, பத்து வயதுப் பையன் வீட்டுத் திண்ணையில் செய்து பார்க்க வழி செய்தார், ஹார்ன்பி.

ஐந்து பவுன் கடன்

கண்டுபிடிப்பைப் பிறர் திருடாமல் இருக்கப் பேட்டண்ட் உரிமை வாங்க வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். கணக்கு எழுதுகிறவரிடம் ஏது பணம்?

முதலாளி எலியட்டிடம் ஐந்து பவுன் கடன் கேட்டார். அந்தக் காலத்தில் ஒரு பவுனுக்கு 15 ரூபாய். ஐந்து பவுன் என்றால் 75 ரூபாய். எலியட் கொடுத்தார். 1901-ம் ஆண்டு ஜனவரி மாதம் பேட்டண்ட் பதிவாயிற்று.

பிறகு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார். கையால் வெட்டிய முரட்டுப் பட்டைகளைப் பார்த்து யாரும் மயங்கவில்லை. அந்த நேரத்தில், லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் என்ஜினீயரிங் பேராசிரியர் ஹெலி ஷா அதைப் பார்த்தார். இது வெறும் விளையாட்டு அல்ல, எந்திரக் கலையையே பிள்ளைகளுக்குக் கற்றுத் தரும் சாதனம் என்று அவருக்கு விளங்கியது. தம் ஆதரவைத் தெரிவித்தார். எலியட்டும் உற்சாகம் கொண்டார். கடன் கொடுத்த முதலாளி, இப்போது கூட்டாளி ஆனார்.

1902-ம் ஆண்டில் பெட்டி கடைக்கு வந்தது. எந்திரக் கலை எளிதாகிவிட்டது என்று பொருள்படும்படி அதற்கு ஒரு நீண்ட பெயர் வைத்திருந்தார்கள். பெட்டியில் இருந்தவை 16 வகைத் துண்டுகள். அவற்றைக் கொண்டு 12 மாதிரிகள் செய்யக் குறிப்பு ஒன்றும் இருந்தது.

1903-ம் ஆண்டில் 1,500 பெட்டிகள் விற்றன. லாபமோ ஒரு காசு இல்லை. ஹார்ன்பி மனம் தளரவில்லை. புதிய துண்டுகளைச் சேர்த்துக்கொண்டே போனார். 1906-ம் ஆண்டில்தான் முதன்முதலாகச் சிறிது லாபம் கண்டார். பேட்டண்ட் வாங்கி ஐந்து ஆண்டுகள் வரை அவர் வெறுங்கையோடுதான் நின்றார்.

1907-ம் ஆண்டில் வேலையை விட்டுவிட்டு, சொந்தப் பட்டறை வைத்தார். நீண்ட பெயரை எடுத்துவிட்டு, குழந்தைகள் வாயில் சட்டென்று நுழையும்படி மெக்கானோ என்று பெயர் சூட்டினார். அந்தப் பெயர் எங்கும் பரவியது. 1914-ம் ஆண்டில் லிவர்பூலில் பின்ஸ் ரோடு என்ற இடத்தில் பெரிய தொழிற்சாலை எழுந்தது. 1916-ம் ஆண்டில் பிள்ளைகளுக்காக மெக்கானோ பத்திரிகையையும் தொடங்கினார். பாலம், கப்பல், விமானம், ரெயில் என்று உலகத்து அதிசயங்களை எல்லாம் அது எளிமையாக விளக்கியது.

பொம்மை ரெயில் புறப்பட்டது

முதல் உலகப் போருக்கு முன்னால், இங்கிலாந்துக் குழந்தைகள் வைத்து விளையாடிய பொம்மை ரெயில்களில் பெரும்பாலானவை ஜெர்மனியில் செய்தவை. போர் வந்ததும் அந்த வரத்து நின்றது. போர் முடிந்த பிறகும் ஜெர்மன் சரக்கை வாங்கப் பலருக்கு மனம் இல்லை.

ஹார்ன்பி அந்தச் சந்தர்ப்பத்தைப் பயன்படுத்திக்கொண்டார். 1920-ம் ஆண்டில், சாவி கொடுத்தால் ஓடும் ரெயிலை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதிலும் தம் பழைய கொள்கையை விடவில்லை. என்ஜினின் பாகங்களைப் போல்ட்டு, நட்டு கொண்டே இணைத்திருந்தார். பையன் அதைக் கழற்றிப் போட்டு, மறுபடியும் பூட்டலாம். ஒரு சக்கரம் கெட்டால் அந்தச் சக்கரத்தை மட்டும் வாங்கி மாட்டலாம்.

சாவி ரெயிலுக்கு ஒரு குறை உண்டு. சில சுற்றுகள் சுற்றியதும் நின்றுவிடும். மறுபடியும் சாவி கொடுக்க வேண்டும். அதற்கு மின்சாரம்தான் மாற்று என்று தெரிந்தது. எந்த என்ஜினைப் பார்த்து அதைச் செய்வது?

லண்டன் சுரங்கத்து சிங்கங்கள்

1863-ல் பிறந்த மெட்ரோபாலிட்டன் ரெயில்வே அதற்குள் ஆலமரமாய் வளர்ந்துவிட்டது. 1920-களின் தொடக்கத்தில் அது 20 மின்சார என்ஜின்களை வரவழைத்தது. இங்கிலாந்தின் மெட்ரோபாலிட்டன் விக்கர்ஸ் கம்பெனி அவற்றைச் செய்தது. ஒவ்வொன்றும் 1,200 குதிரைச் சக்தி கொண்டது. எட்டுச் சக்கரங்களில் ஓடியது. ஏறக்குறைய 60 டன் எடை.

லண்டன் நகருக்குள் இந்த மின்சார என்ஜின்கள் ரெயிலை இழுக்கும். புறநகரில் ஒரு ஸ்டேஷனில் அதைக் கழற்றிவிட்டு நீராவி என்ஜினை மாட்டுவார்கள். மதுரைக்காரர்களுக்கு இது புதிது அல்ல. மீட்டர் கேஜ் காலத்தில், சென்னை எழும்பூரிலிருந்து மின்சார என்ஜின் இழுத்து வந்த ரெயில்கள் விழுப்புரத்தில் நிற்கும். அங்கே என்ஜினை மாற்றிக்கொண்டுதான் மதுரை நோக்கிப் புறப்படும்.

1924-ம் ஆண்டில் லண்டன் அருகே வெம்பிளி என்ற இடத்தில் மாபெரும் பொருட்காட்சி தொடங்கியது. இந்தியா உள்பட, பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த நாடுகளின் பொருள்கள் எல்லாம் அங்கே வந்தன. மெட்ரோபாலிட்டன் மின்சார என்ஜின் ஒன்றும் அங்கே நின்றது. உள்ளே இருக்கும் எந்திரங்கள் தெரியும்படி பக்கத் தகடுகளைக் கழற்றி வைத்திருந்தார்கள். மக்கள் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்கள்.

1925-ம் ஆண்டில், ஹார்ன்பியின் முதல் மின்சார ரெயில் கடைகளுக்கு வந்தது. அது இந்த மெட்ரோபாலிட்டன் என்ஜினின் மாதிரிதான். அசல் வண்டியின் நிறம், ஜன்னல், கதவு, ஆணித் தலை எல்லாவற்றையும் தகரத்தின் மேல் அச்சடித்திருந்தார்கள். முன்பக்கம் விளக்கு. பின்னால் இரண்டு பயணிகள் பெட்டிகள்.

கோபுரம் நான்கு அடி

மாதிரி செய்வது என்றால் என்ன? எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சுருக்குவதுதான். ஹார்ன்பி ரெயிலின் தண்டவாள அகலம் 32 மில்லிமீட்டர். இந்த வகை மாதிரிகளில், அசலின் ஓர் அடி, மாதிரியில் 7 மில்லிமீட்டர் ஆகும். சுமார் 43-ல் ஒரு பங்கு.

இதே கணக்கில் மதுரையைச் சுருக்கினால் என்ன ஆகும்? மீனாட்சி அம்மன் கோவிலின் தெற்குக் கோபுரம் ஏறக்குறைய 170 அடி உயரம். அது நான்கு அடிக் கோபுரம் ஆகிவிடும். நவராத்திரிக் கொலுவில் வைத்துவிடலாம்! அதன் அடியில் நிற்கும் ஐந்தரை அடி மனிதர், ஒன்றரை அங்குலப் பொம்மை ஆவார். மதுரையில் ஓடிய மீட்டர் கேஜ் தண்டவாளம், இரண்டு விரல் அகலம்கூட இராது.

ஆனால் ஹார்ன்பி இந்தக் கணக்கை முழுக்கப் பின்பற்றவில்லை. குழந்தைகள் வீட்டுக் கூடத்தில் போடும் தண்டவாளம் மிகவும் வளைந்து செல்வது. நீண்ட என்ஜின் அந்த வளைவில் திரும்பாது. ஆகவே நீளத்தைக் குறைத்தார். எட்டுச் சக்கரங்களை நான்காக்கினார். விலையும் கட்டுப்படியாக வேண்டும் அல்லவா? அசலை அப்படியே படம் பிடிக்காமல், பார்த்ததும் அடையாளம் தெரியும்படி செய்தார். ஓவியர் நாலு கோட்டில் யானை வரைவது போல.

சுருங்காத மின்சாரம்

நீளத்தைச் சுருக்கினார். அகலத்தைச் சுருக்கினார். சக்கரத்தைக்கூடக் குறைத்தார். ஒன்றை மட்டும் போதிய அளவு சுருக்கவில்லை. அதுதான் மின்சாரம்.

முதலில் வந்த அந்த ரெயில், வீட்டு மின்சாரத்தையே நேரடியாக எடுத்துக்கொண்டு ஓடியது. விளக்கு மாட்டும் இடத்திலிருந்து ஒயர் வரும். நடுவில் ஒரு மின்சார பல்பு இருக்கும். ரெயில் ஓடும்போது மின்அழுத்தத்தின் பெரும்பகுதியை அந்த பல்பு வாங்கிக்கொள்ளும். மிச்சம்தான் என்ஜினுக்குப் போகும். தண்டவாளத்தின் நடுவில் உள்ள மூன்றாவது கம்பி வழியாக அது வரும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என்ஜின் தடம் புரண்டு விழுந்தால்? குழந்தை அதைக் கையில் எடுத்துவிட்டால்? அப்போது மின்சாரம் ஓட வழி இல்லை. பல்பு எதையும் வாங்கிக்கொள்ளாது. வீட்டு மின்சாரத்தின் முழு அழுத்தமும் மூன்றாவது கம்பியில் வந்து நிற்கும். விழுந்த என்ஜினைத் தூக்கி வைக்கக் கை நீட்டுவது யார்? குழந்தைதான்!

மின்சாரம் அன்று வீடுகளுக்குப் புதிது. அதன் குணத்தைப் பெரியவர்களே முழுக்க அறிந்திருக்கவில்லை. ஆனாலும் இந்த ஆபத்து நெடுநாள் மறைந்திருக்கவில்லை. சில ஆண்டுகளுக்குள் வீட்டு மின்சாரத்தில் நேரடியாக ஓடும் முறை கைவிடப்பட்டது. பாட்டரியில் ஓடும் 4 வோல்ட் என்ஜின் வந்தது. பிறகு 6 வோல்ட் என்ஜின் வந்தது. 1930-களில் 20 வோல்ட் முறை நிலைத்தது. வீட்டு மின்சாரத்துக்கும் பொம்மைக்கும் நடுவே டிரான்ஸ்பார்மர் என்ற பெட்டி காவலுக்கு நின்றது. பெரிய அழுத்தத்தை அது உள்ளே வாங்கி, சிறிய அழுத்தமாக வெளியே விடும். அந்தச் சிறிய அழுத்தம் குழந்தையின் விரலைக் கடிக்காது.

பொம்மை என்பது அளவில் மட்டும் சிறியதாக இருந்தால் போதாது. அதன் ஆபத்தும் சிறியதாக இருக்க வேண்டும். இன்று வீடுகளில் மின்சாரப் பொம்மைகளை பாட்டரியிலோ, சிறு அடாப்டர் மூலமோ ஓட்டுவதன் காரணமும் இதுதான்.

இந்தியாவிலும் அதே ஆண்டு

ஹார்ன்பியின் மின்சார ரெயில் பொம்மை வந்த அதே 1925-ம் ஆண்டில், இந்தியாவில் உண்மையான மின்சார ரெயில் ஓடியது. பிப்ரவரி 3-ந் தேதி பம்பாய் விக்டோரியா டெர்மினசிலிருந்து குர்லா வரை அது சென்றது. சில ஆண்டுகளில் பம்பாய்ப் பாதைக்கு வந்த பெரிய மின்சார என்ஜின்களிலும், லண்டன் என்ஜின்களைச் செய்த மெட்ரோபாலிட்டன் விக்கர்சின் கைவண்ணம் இருந்தது.

1931-ம் ஆண்டில் தமிழ்நாட்டுக்கும் மின்சார ரெயில் வந்தது. சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மீட்டர் கேஜ் பாதையில் ஓடியது. அந்தப் பாதையில் சரக்கு இழுக்க இங்கிலாந்திலிருந்து சிறு மின்சார என்ஜின்களும் வந்தன. மின்கம்பி இல்லாத யார்டுகளில் ஓடுவதற்காக, பாட்டரி வைத்த தனி வண்டியையும் அவற்றோடு சேர்த்தார்கள். பொம்மை என்ஜின் பாட்டரியில் ஓடிய காலத்தில், உண்மையான என்ஜினும் பாட்டரியில் ஓடியது!

மதுரை மட்டும் நெடுங்காலம் காத்திருந்தது. நீராவி என்ஜின் போய், டீசல் என்ஜின் வந்தது. மீட்டர் கேஜ் போய், அகலப் பாதை வந்தது. மின்சார என்ஜின் மதுரைக்கு வந்தது 21-ம் நூற்றாண்டில்தான்.

பாராளுமன்றத்தில் பொம்மைக்காரர்

சென்னையில் மின்சார ரெயில் ஓடத் தொடங்கிய அந்த 1931-ம் ஆண்டில், ஹார்ன்பி பாராளுமன்றத் தேர்தலில் நின்றார். லிவர்பூலின் எவர்ட்டன் தொகுதியில் கன்சர்வேட்டிவ் கட்சி சார்பில் வெற்றி பெற்றார். பள்ளிக்கூடம் பிடிக்காமல் ஓடியவர், பாராளுமன்றத்தில் உட்கார்ந்தார். 1935 வரை உறுப்பினராக இருந்தார்.

அதற்குள் அவருடைய கம்பெனி இங்கிலாந்திலேயே மிகப் பெரிய பொம்மைக் கம்பெனியாகிவிட்டது. 1930-களில், ரெயில் பொம்மைக்குத் துணையாகச் சிறிய கார்களையும் லாரிகளையும் வார்த்து எடுத்தார்கள். உள்ளங்கையில் அடங்கும் அந்தக் கார்களுக்கு டிங்கி என்று பெயர். அவையும் உலகப் புகழ் பெற்றன.

ஹார்ன்பிக்கு இதய நோய் இருந்தது. நீரிழிவும் சேர்ந்துகொண்டது. 1936-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 21-ந் தேதி காலமானார். வயது 73. லிவர்பூலுக்கு அருகே அவர் வாழ்ந்த மகல் என்ற ஊரின் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

எந்தப் பிள்ளைகளுக்காகத் தகட்டை வெட்டினாரோ, அவர்களில் மூத்தவரான ரோலண்ட் கம்பெனியின் தலைவர் ஆனார்.

மிச்சம் இருப்பது

கம்பெனி என்றும் ஒரே நிலையில் இருக்கவில்லை. பிளாஸ்டிக் பொம்மைகள் வந்தன. பிள்ளைகளின் விருப்பம் மாறியது. 1964-ம் ஆண்டில் கம்பெனி கை மாறியது. 1979-ம் ஆண்டில் பின்ஸ் ரோடு தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். பல தலைமுறையாக அங்கே உழைத்த குடும்பங்கள் வேலை இழந்தன. ஹார்ன்பி என்ற பெயர் மட்டும் பிழைத்தது. அவருடைய பெயரிலேயே மாதிரி ரெயில்கள் பிறகும் விற்பனையாகி வருகின்றன.

அசல் மெட்ரோபாலிட்டன் என்ஜின்களும் ஓய்வு பெற்றுவிட்டன. 1960-களின் தொடக்கத்தோடு அவற்றின் பயணிகள் ரெயில் வேலை முடிந்தது. இருபதில் இரண்டைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். ஒன்றுக்கு சாரா சிடன்ஸ் என்ற நாடக நடிகையின் பெயர். மற்றொன்றுக்கு ஜான் ஹாம்டன் என்ற பாராளுமன்றத் தலைவரின் பெயர். இவர் அரசன் கேட்ட வரியைக் கட்ட மறுத்தவர்.

இரும்பு என்ஜின்களில் இருபதுக்கு இரண்டுதான் மிச்சம். தகர மாதிரிகளை ஆசையோடு சேர்த்து வைத்திருப்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அரை நூற்றாண்டு பரணில் கிடந்த என்ஜினையும் கழற்றித் துடைத்து, எண்ணெய் விட்டு, மறுபடியும் பூட்டி ஓட்டுகிறார்கள். கழற்றிப் பூட்டும்படி ஹார்ன்பி செய்து வைத்ததால்தான் அது முடிகிறது. ஆனால் விவரம் தெரிந்தவர்கள் 1925-ம் ஆண்டு என்ஜினை வீட்டு மின்சாரத்தில் நேரடியாக மாட்டுவது இல்லை.

மெக்கானோவின் நிறம் மாறியது. பெட்டி மாறியது. முதலாளிகள் மாறினார்கள். துளைக்கும் துளைக்கும் நடுவே உள்ள அரை அங்குலம் மட்டும் மாறவில்லை. பேரன் பெட்டியிலிருந்து ஒரு பட்டையை எடுத்துத் தாத்தாவின் பழைய பட்டை மேல் வைத்தால், துளைக்கு நேராகத் துளை நிற்கும். போல்ட்டு உள்ளே போகும்.